ஊர்ச் செய்தியை ஊர்ப் பிள்ளைகள் எழுதட்டும்!

சம்பா அறுவடை முடிந்த நேரம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் நெல் குவியல் குவியலாகக் கிடக்கிறது. தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு, இரவெல்லாம் காவல் கிடக்கிறார்கள் விவசாயிகள். 'சாக்கு வரவில்லை', 'ஈரப்பதம் கூடுதல்', 'லாரி வந்தால்தான் எடுப்போம்' என்று நாளுக்கு ஒரு காரணம். நான்காம் நாள் மழை பிடித்துக்கொள்கிறது. அடியில் தண்ணீர் புகுந்து நெல் முளைவிட ஆரம்பிக்கிறது.

மறுநாள் நாளிதழில் மாவட்டம் முழுவதற்கும் சேர்த்து நான்கு வரி வருகிறது. குறிப்பிட்ட அந்த நிலையத்தில் எத்தனை நாள் கொள்முதல் நின்றது, எத்தனை பேர் நெல் நனைந்தது, எத்தனை மூட்டை வீணானது என்ற கணக்கு எங்கும் பதிவாகவில்லை. ஒரு வாரம் கழித்து முறையிடப் போகும் விவசாயியிடம், 'எழுத்தில் என்ன வைத்திருக்கிறீர்கள்?' என்று கேட்டால், அவரிடம் பதில் இல்லை.

இத்தனைக்கும் அந்தக் குவியலைச் சுற்றிப் பத்துப் பதினைந்து இளைஞர்கள் நின்றிருப்பார்கள். எல்லோர் கையிலும் கைபேசி இருந்திருக்கும். நனைந்த நெல்லைப் படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வைத்திருப்பார்கள். 24 மணி நேரத்தில் ஸ்டேட்டஸ் மறைந்துவிடும். அத்தோடு சாட்சியும் போய்விடும்.

அதே படத்தோடு தேதி, இடம், மூட்டைக் கணக்கு, பாதிக்கப்பட்டவர் சொன்னது, நிலையப் பொறுப்பாளர் சொன்ன பதில் ஆகியவை சேர்ந்திருந்தால் அது செய்தி. பயிர் வளர்க்கக் கற்றுக்கொள்வது போலவே இதையும் கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொள்ள ஏற்ற வயது, இளம் வயது. அப்படிக் கற்றவர்கள் தங்கள் வட்டாரத்தையே பேச வைத்த கதை ஒன்று வட இந்தியாவில் இருக்கிறது.

வறண்ட பூமியில் எழுந்த செய்தி அலை

உத்தரப்பிரதேசத்தின் தெற்கிலும் மத்தியப்பிரதேசத்தின் வடக்கிலும் பரந்து கிடப்பது பந்தேல்கண்ட். அடிக்கடி மழை பொய்க்கும் பூமி. கோதுமை, கடலை, பருப்பு வகைகள்தான் முக்கியப் பயிர்கள். பஞ்சம் வந்தால் குடும்பம் குடும்பமாக ஊரைக் காலி செய்துகொண்டு நகரத்துக்குக் கூலி வேலைக்குப் போவார்கள். தீவனம் இல்லாமல் அவிழ்த்து விடப்படும் மாடுகள் விளைந்த பயிரை மேய்ந்துவிடும். இந்தத் தொல்லைக்கு அங்கே 'அன்னா பிரதா' என்றே பெயர் இருக்கிறது. போதாக்குறைக்குக் கல்குவாரிகளும் மணல் கொள்ளையும் உண்டு.

இந்த வட்டாரத்தில் உள்ள சித்ரகூட் மாவட்டத்தில் 2002-ம் ஆண்டு தொடங்கப்பட்ட பத்திரிகை 'கபர் லஹரியா'. 'செய்தி அலை' என்று பொருள் சொல்லலாம். அதற்கு முன்பே, 1990-களில், புதிதாக எழுதப் படிக்கக் கற்ற பெண்கள் 'மகிளா டாகியா' என்ற இதழைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். 'பெண் தபால்காரர்' என்பது அதன் பொருள். அந்த இதழ் நின்ற பிறகு, எழுதப் பழகிய கைகள் சும்மா இருக்கவில்லை. தில்லியைச் சேர்ந்த 'நிரந்தர்' என்ற தொண்டு நிறுவனத்தின் துணையோடு 'கபர் லஹரியா' பிறந்தது.

எழுதியவர்கள் அனைவரும் பெண்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, முஸ்லிம் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். எழுதிய மொழி, புத்தக இந்தி இல்லை. சந்தையிலும் கிணற்றடியிலும் பேசும் பந்தேலி மொழி. எழுதிய விஷயமும் அப்படித்தான். கைப்பம்பு பழுதாகிக் கிடப்பது, ரேஷன் கடை திறக்காதது, வேலை உறுதித் திட்டக் கூலி வராதது, பாதி போட்டு நின்றுபோன சாலை ஆகியவைதான் முதல் பக்கச் செய்திகள். ஆசிரியர் குழுவினரே பேருந்தில் ஏறி, நடந்து, ஊர் ஊராக இதழை விற்றார்கள். 2009-ல் எழுத்தறிவுக்கான யுனெஸ்கோவின் கிங் செஜோங் பரிசு இந்த இதழுக்குக் கிடைத்தது.

இதைத் தொடங்கியவர்களில் ஒருவர் கவிதா. தலித் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதிலேயே மணம் முடிக்கப்பட்டவர். எழுத்தறிவு முகாமில் எழுத்துக் கூட்டக் கற்றவர், பின்னாளில் இதழின் ஆசிரியரானார். இந்திய ஆசிரியர் சங்கமான 'எடிட்டர்ஸ் கில்டி'ல் இடம்பெற்ற முதல் தலித் பெண்ணும் அவர்தான். குழுவில் இன்னொருவர் மீரா. 14 வயதில் திருமணம் ஆன பிறகும் விடாமல் படித்துப் பட்டம் வாங்கியவர். இவர்கள் யாரும் பத்திரிகைக் கல்லூரி வாசலை மிதித்துவிட்டு வந்தவர்கள் அல்லர்.

அச்சிலிருந்து கைபேசிக்கு

சில ஆண்டுகளில் ஊர்களுக்குள் கைபேசி வந்தது. அச்சிதழாக இருந்த கபர் லஹரியா, காணொளிச் செய்திக்கு மாற முடிவு செய்தது. அதுவரை கைபேசியைத் தொட்டே பார்க்காத பெண்களும் குழுவில் இருந்தார்கள். வீட்டில் மின்சாரம் இல்லாததால் சார்ஜ் போட வழியில்லாதவர்கள் இருந்தார்கள். ஆங்கில எழுத்தைப் படிக்கத் தெரியாமல் பொத்தானின் இடத்தை வைத்து அடையாளம் கண்டுபிடித்தவர்களும் உண்டு. ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்தே கற்றார்கள்.

இந்த மாற்றத்தைப் பின்தொடர்ந்து எடுக்கப்பட்ட ஆவணப்படம் 'ரைட்டிங் வித் ஃபயர்'. ரிந்து தாமஸ், சுஷ்மித் கோஷ் இருவரும் இயக்கியது. 2022-ல் ஆஸ்கர் விருதுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. படம் தங்கள் வேலையின் ஒரு பகுதியை மட்டுமே காட்டுகிறது என்று அந்தப் பெண்களே வெளிப்படையாக எழுதினார்கள். தங்களைப் புகழ்ந்த படத்தைக்கூட 'முழுமை இல்லை' என்று சொல்லும் அந்தப் பழக்கம்தான் செய்தியாளரின் அடிப்படைக் குணம்.

படத்தில் வரும் இளையவர் சுனிதா. மஹோபா மாவட்டத்துக் கல்குவாரிப் பகுதியில் வளர்ந்தவர். சிறு பிள்ளையாக இருந்தபோது குவாரியில் வேலை பார்த்தவர். வளர்ந்து கையில் கைபேசியோடு அதே குவாரிக்குத் திரும்பிப் போய், சட்டத்துக்குப் புறம்பான சுரங்க வேலையைப் பற்றிக் கேள்வி கேட்டார். சுற்றி நின்ற ஆண்கள் கேலி செய்தாலும் கேள்வியை விடவில்லை.

வெளியூரிலிருந்து காரில் வந்து இறங்கும் செய்தியாளருக்கும் சுனிதாவுக்கும் இதுதான் வித்தியாசம். எந்தக் குழியில் யார் இறந்தார், எந்த லாரி எந்த நேரத்தில் போகும் என்பதெல்லாம் ஊர்க்காரருக்குத் தெரியும். ஆனால், வெளியூர்ச் செய்தியாளர் மாலையில் திரும்பிப் போய்விடுவார். ஊர்ச் செய்தியாளர் அதே தெருவில்தான் குடியிருக்க வேண்டும். அவருடைய பலமும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

அந்த ஆபத்தையும் கபர் லஹரியா பெண்கள் அனுபவித்தார்கள். மாதக்கணக்கில் ஓர் ஆள் வெவ்வேறு எண்களிலிருந்து அழைத்து ஆபாசமாகப் பேசித் தொல்லை கொடுத்தான். புகார் கொடுத்தும் பலன் இல்லை. 2015-ல் நடந்ததை எல்லாம் அவர்களே பகிரங்கமாக எழுதினார்கள். அதன் பிறகுதான் நடவடிக்கை பாய்ந்து, அவன் கைதானான். மற்றவர்களுக்காக எழுதிய பேனா, கடைசியில் அவர்களையும் காப்பாற்றியது.

நல்லவாடு சொன்ன பாடம்

'அது வடக்கே நடந்தது. இங்கே என்ன?' என்று கேட்பவர்கள் புதுச்சேரி நல்லவாட்டை நினைத்துப் பார்க்கலாம்.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களை அமைத்தது. உள்ளூர்த் தன்னார்வலர்கள் அவற்றை நடத்தினார்கள். சந்தை விலை, அரசுத் திட்டங்கள், வேலை வாய்ப்பு எல்லாம் அங்கே கிடைத்தன. 'நம்ம ஊரு செய்தி' என்ற இதழும் அந்தத் திட்டத்தில் வெளிவந்தது. மீனவர் ஊர்களில் அலையின் உயரத்தையும் காற்றின் வேகத்தையும் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள்.

2004 டிசம்பர் 26 காலை. சிங்கப்பூரில் வேலை பார்த்த நல்லவாட்டுக்காரர் ஒருவர், சுனாமிச் செய்தியைக் கேட்டுவிட்டு ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். தகவல் மையத்தைத் திறந்து, ஒலிபெருக்கியில் உடனே எச்சரித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழும் ஊர் உயிர் பிழைத்தது. படகுகளும் வீடுகளும் சேதமாயின, மக்கள் தப்பினார்கள்.

அந்த ஒலிபெருக்கி சுனாமிக்காக வாங்கி வைத்தது இல்லை. தினமும் அலை உயரம் சொல்வதற்காக வைத்தது. நாள்தோறும் சரியான தகவலைச் சொல்லிப் பழகிய குரல் என்பதால்தான், ஆபத்து வந்த அன்று ஊர் அதை நம்பி ஓடியது. ஊர்ச் செய்திக்கு வேண்டியது இந்த நம்பிக்கைதான். ஒரே நாளில் அது வந்துவிடாது. தினமும் சேர வேண்டியது அது.

ராமேசுவரம் தீவில் பாம்பனில் 2016-ல் தொடங்கிய 'கடல் ஓசை' சமுதாய வானொலி, மீனவர்களுக்கு வானிலையும் கடல் நிலவரமும் சொல்கிறது. சமுதாய வானொலிகள் அரசியல், நடப்புச் செய்திகளைத் தாங்களாகத் தயாரித்து ஒலிபரப்ப இந்தியாவில் அனுமதி இல்லை. வானிலை, வேலை வாய்ப்பு, குடிநீர், மின்தடை, பேரிடர் அறிவிப்பு போன்றவற்றைச் சொல்லலாம். அவ்வளவு சிறிய இடைவெளிக்குள்ளும் எவ்வளவோ செய்ய முடிகிறது.

சென்னையில் பிறந்த மூத்த செய்தியாளர் பி.சாய்நாத் 2014-ல் தொடங்கிய 'பாரி' என்ற கிராமப்புறச் செய்திக் களஞ்சியம், பள்ளி, கல்லூரி மாணவர்கள் தங்கள் ஊரைப் பற்றி எழுதுவதையும் வெளியிடுகிறது. தமிழிலும் வருகிறது. அதில் பணியாற்றும் எம்.பழனி குமார், மதுரைப் பக்கத்துக் கிராமத்தில், மீன் விற்ற தாயின் உழைப்பில் படித்து வந்தவர். உழைக்கும் மக்களைப் படம் எடுத்துப் பெயர் பெற்ற அவர், எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் புகைப்படம் கற்றுக் கொடுக்கிறார்.

ஒரு சுவர் போதும்

உங்கள் ஊரில் தொடங்குவதற்கு அலுவலகமும் வேண்டாம், அச்சகமும் வேண்டாம். பள்ளியில் கையெழுத்துப் பத்திரிகை நடத்திய பழக்கம் தமிழ்நாட்டில் ஏற்கெனவே உண்டு. அதையே கொஞ்சம் பெரிதாக்கினால் சுவரிதழ். நூலகம், பால் கூட்டுறவுச் சங்கம், டீக்கடை என்று நாலு பேர் கூடும் இடத்தில், உரிமையாளரிடம் கேட்டு ஒரு சுவரில் இடம் பிடித்தால் போதும். பெரிய அட்டை ஒன்று, ஸ்கெட்ச் பேனா நாலு. மாதம் இருமுறை மாற்றினால் போதுமானது.

குழுவில் ஐந்து பேராவது இருக்கட்டும். அதில் பாதிப் பேர் பெண் பிள்ளைகளாக இருக்க வேண்டும். ஊர்த் தெரு, காலனி இரண்டிலிருந்தும் இருக்க வேண்டும். ஒரே தெருப் பிள்ளைகள் எழுதினால் அது ஒரு தெருவின் செய்தியாகவே இருக்கும், ஊர்ச் செய்தியாகாது.

முதல் ஆறு மாதத்துக்குச் சண்டைச் செய்தி வேண்டாம். அளவு எடுக்கும் செய்திகளில் தொடங்கலாம்.

மழை: பள்ளியிலோ பண்ணையிலோ ஒரு மழைமானி வைத்துத் தினமும் காலை ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். ஓர் ஆண்டுக் கணக்கு கையில் இருந்தால், 'எங்கள் ஊரில் மழையே இல்லை' என்று வாயால் சொல்வதற்கும் ஏட்டைக் காட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் புரியும்.

விலை: வாரம் ஒருநாள் பக்கத்து ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், உழவர் சந்தை, உள்ளூர் வியாபாரி ஆகிய மூன்று இடத்து விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். கருத்தே எழுத வேண்டாம். மூன்று எண்களும் பேசும்.

கொள்முதல்: அறுவடைக் காலத்தில் நிலையம் திறந்த நாள், மூடிய நாள், எடுத்த மூட்டை, காத்திருந்தவர் எண்ணிக்கை.

கெடு தேதிகள்: பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் எது என்பதைப் பெரிய எழுத்தில் எழுதலாம். ஆலங்கட்டி மழை, வெள்ளம் போன்றவற்றால் தனிப்பட்ட வயலுக்குச் சேதம் ஏற்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் விதி. இது தெரியாமல் இழப்பீட்டை விட்டவர்கள் ஊருக்கு ஊர் உண்டு.

கிராம சபை: தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள், என்ன தீர்மானம், போன கூட்டத்துத் தீர்மானம் என்ன ஆயிற்று? இந்த மூன்று கேள்விக்குப் பதில் எழுதினாலே பாதி ஊர் திரும்பிப் பார்க்கும்.

தூரைத் தட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்

பக்கத்து வயல்காரர் 'புகையான் வந்துவிட்டது' என்று சொன்னதும் ஓடிப்போய் மருந்தடிக்கும் விவசாயி ஏமாறுவார். விவரம் தெரிந்தவர் வயலில் இறங்கி, பல இடத்தில் தூரைத் தட்டி, பூச்சியை எண்ணிப் பார்ப்பார். அதைத் தின்னும் சிலந்தி எத்தனை இருக்கிறது என்றும் பார்ப்பார். பொருளாதாரச் சேத நிலையைத் தாண்டினால்தான் மருந்து. செய்திக்கும் இதே விதிதான்.

ஒரு மாதிரி பார்க்கலாம். 'கொள்முதல் நிலையத்தில் பகல் கொள்ளை! மூட்டைக்கு மூட்டை பணம் பறிக்கிறார்கள்!' இது செய்தி அல்ல, கோபம். யார், எப்போது, எவ்வளவு என்ற எதுவும் இதில் இல்லை. மறுநாளே 'நிரூபியுங்கள்' என்று கேட்டால் பிள்ளைகள் தலைகுனிய வேண்டியிருக்கும்.

இன்னொரு விதமாக எழுதலாம். 'இந்த வாரம் நெல் போட்ட 12 விவசாயிகளிடம் பேசினோம். மூட்டைக்குக் கூடுதல் பணம் கொடுத்ததாக 9 பேர் சொன்னார்கள். 3 பேர் கொடுக்கவில்லை என்றார்கள். நிலையப் பொறுப்பாளரிடம் கேட்டோம். அப்படி எதுவும் இல்லை என்றார். 40 கிலோ மூட்டைகளில் 5 மூட்டையை வேறு தராசில் எடை போட்டுப் பார்த்தோம். விவரம் கீழே.' இதில் ஒரு வசைச்சொல்கூட இல்லை. ஆனால், கோபத்தோடு எழுதியதைவிட இது கனமானது.

ஆகவே, குழு தனக்குள் நான்கு சட்டம் வைத்துக்கொள்ளலாம். கண்ணால் பார்த்தது எது, காதால் கேட்டது எது என்று பிரித்து எழுத வேண்டும். குறைந்தது இரண்டு பேராவது தனித்தனியாகச் சொன்னால்தான் எழுத வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரின் பதிலைக் கேட்காமல் வெளியிடக் கூடாது. தவறாக எழுதிவிட்டால், அதே சுவரில் அதே அளவு எழுத்தில் திருத்தம் போட வேண்டும்.

பதில் சொல்ல மறுக்கும் அலுவலகத்துக்கு 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். இந்தச் சட்டமே கிராமத்துக் கணக்கிலிருந்து முளைத்ததுதான். ராஜஸ்தானில் 1994-ல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் நடத்திய பொது விசாரணைகளில், செய்த வேலைக்கும் எழுதப்பட்ட கணக்குக்கும் உள்ள வித்தியாசத்தை ஊர் மக்கள் முன்னால் படித்துக் காட்டினார்கள். 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்ற அந்தக் கேள்வியின் வளர்ச்சிதான் இன்றைய சட்டம்.

சுதந்திரத்துக்கு வரவு செலவு உண்டு

ஊரகச் செய்தியாளர்கள் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் கமிஷன் என்பதே வருமானம். விளம்பரம் கொடுப்பவர் யார்? உள்ளூர் ஒப்பந்ததாரர், கட்சிக்காரர், கடை முதலாளி. நாளை அந்த ஒப்பந்ததாரர் போட்ட சாலை மூன்று மாதத்தில் பெயர்ந்தால் யார் எழுதுவது? சுதந்திரம் போவது மிரட்டலில் மட்டும் இல்லை. பல நேரம் அன்பளிப்பில்தான் போகிறது.

சுவரிதழுக்குச் செலவு குறைவு என்பதே அதன் பெரிய பாதுகாப்பு. வீட்டுக்கு வீடு மாதம் பத்து ரூபாய் சேர்த்தால் தாராளமாக ஓடும். ஒருவரிடம் ஆயிரம் வாங்குவதைவிட நூறு பேரிடம் பத்து வாங்குவது நல்லது. அந்த வரவு செலவையும் மாதாமாதம் அதே சுவரில் ஒட்ட வேண்டும். மற்றவரிடம் கணக்குக் கேட்பவர் தன் கணக்கை முதலில் காட்டுவதுதான் முறை.

பெரியவர்கள் செய்ய வேண்டியது

ஒரு பிள்ளை கேள்வி கேட்டால் ஊரில் முதலில் வரும் சொல், 'உனக்கு எதுக்குப் பொல்லாப்பு?' என்பதுதான். பெற்றவர்களின் பயத்தில் நியாயம் இருக்கிறது. சிறிய ஊர்களில் எழுதிய செய்தியாளர்கள் தாக்கப்பட்டதும் உண்டு. சுனிதாவும் ஊர்ப்பேச்சுக்கு அஞ்சிய குடும்பத்துக்காகத் திருமணத்துக்குச் சம்மதித்து வேலையை விட்டார். சில மாதங்களில் மீண்டும் செய்திப் பணிக்குத் திரும்பினார். பிள்ளையைத் தடுத்து வைப்பதைவிடத் துணை நிற்பது நல்லது என்பதற்கு அது ஓர் உதாரணம்.

துணை நிற்பது எப்படி? ஆசிரியர், ஓய்வு பெற்ற அலுவலர், மகளிர் குழுத் தலைவி, மூத்த விவசாயி என்று மூன்று நான்கு பேர் சேர்ந்து ஆலோசனைக் குழுவாக இருக்கலாம். அவர்கள் செய்தியைத் தடுக்க வேண்டியவர்கள் அல்லர். 'இதற்குச் சான்று எங்கே?' என்று கேட்க வேண்டியவர்கள். பிரச்னைக்குரிய செய்தியில் தனி ஒருவர் பெயர் போடாமல் 'குழு' என்றே போடலாம். மணல், குவாரி, சாராயம் போன்ற விஷயங்களுக்குப் பிள்ளைகளைத் தனியாக அனுப்பவே கூடாது. அவை அனுபவமுள்ள செய்தியாளர்களிடம் சான்றோடு கொண்டு சேர்க்க வேண்டியவை. 18 வயது ஆகாதவர்கள் மழை, விலை, பள்ளி, விளையாட்டு, விவசாயம் என்ற எல்லைக்குள் எழுதினால் போதும். அதுவே கடல்.

ஊரில் இளைஞர்கள் தங்குவதில்லை என்று வருத்தப்படாத வீடு இல்லை. வயலில் வருமானம் இல்லை என்பது ஒரு காரணம். தன் சொல்லுக்கு ஊரில் மதிப்பில்லை என்பது இன்னொரு காரணம். ஓர் இளைஞர் எழுதிய நாலு வரியால் எரியாத தெருவிளக்கு எரிந்தால், அந்த ஊர் அவருக்கு வேறு மாதிரித் தெரியும். அவரும் ஊருக்கு வேறு மாதிரித் தெரிவார்.

அடுத்த அறுவடையிலும் கொள்முதல் நிலைய வாசலில் நெல் குவியும். மழையும் வரலாம். அப்போது அங்கே நிற்கும் பிள்ளையின் கையில் கைபேசியோடு ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால், முறையிடப் போகும் விவசாயி வெறும் கையோடு போக வேண்டியிருக்காது.

கேள்வி - பதில்

செய்தி எழுத இதழியல் படித்திருக்க வேண்டுமா?

வேண்டாம். பேச்சு, கருத்துச் சுதந்திரத்தை அரசியல் சாசனத்தின் 19-வது பிரிவு குடிமக்கள் எல்லோருக்கும் தந்திருக்கிறது. படிப்பு இருந்தால் நல்லது. ஆனால் பொறுமையும் நேர்மையும் அதைவிட முக்கியம். பிழையில்லாமல் எழுத வராதவர் படம் எடுக்கலாம், அளவு எடுக்கலாம், பேட்டியைப் பதிவு செய்யலாம்.

எழுதினால் அவதூறு வழக்கு வருமா?

உண்மை இல்லாததை எழுதி ஒருவர் பெயரைக் கெடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவின்கீழ் தண்டனை உண்டு. பொது நன்மைக்காக வெளியிடப்பட்ட உண்மைக்கு அதே பிரிவு விலக்கு அளிக்கிறது. அதனால் சான்றைப் பத்திரமாக வைத்திருங்கள். ஒருவரின் குடும்ப விஷயம், சாதி, நோய் பற்றி எழுதாதீர்கள். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயர், படம், வீடு, பள்ளி என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது. குழந்தைகள் விஷயத்தில் போக்சோ சட்டம் இதில் மிகக் கண்டிப்பானது.

சுவரிதழை அச்சடித்து விற்கலாமா?

கையால் எழுதி ஒட்டுவதோடு நிற்கும்வரை சிக்கல் இல்லை. குறிப்பிட்ட இடைவெளியில் செய்தி இதழாக அச்சடித்து வெளியிட வேண்டுமானால், 2023-ம் ஆண்டின் பத்திரிகை, பருவ இதழ்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். ஓர் ஆண்டு சுவரில் பழகிவிட்டு அதற்குப் போவது நல்லது.

வாட்ஸ்அப் குழுவிலேயே போட்டால் போதாதா?

போடலாம். ஆனால், வாட்ஸ்அப்பில் யார் எழுதியது என்பதே தெரியாமல் செய்தி கைமாறும். வெட்டி ஒட்டவும் செய்வார்கள். முதலில் சுவரில் தேதியோடு ஒட்டி, அதைப் படம் எடுத்துக் குழுவில் போடுங்கள். சந்தேகம் வந்தால் எவரும் நேரில் வந்து சரிபார்க்கலாம். பழைய தாள்களைத் தூக்கிப் போடாமல் நூலகத்தில் கட்டி வையுங்கள். பத்து ஆண்டு கழித்து ஊரின் வரலாறு அதில்தான் இருக்கும்.